கினிப்பன்றிக்கு ஒரு தொட்டிக் கொத்தமல்லி

பெயரிலேயே இரண்டு பொய்களைச் சுமக்கும் பிராணி கினிப்பன்றி. ஆப்பிரிக்காவின் கினிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பன்றியும் அல்ல. தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைவாசிகள் பல ஆயிரம் ஆண்டுகளாக அடுப்படியில் புல் போட்டு, இறைச்சிக்காக வளர்த்துவந்த கொறிக்கும் பிராணி அது. 16-ஆம் நூற்றாண்டில் கப்பலேறி ஐரோப்பா போனது. அங்கே சீமான் வீட்டுக் குழந்தைகளுக்குச் செல்லமானது. பிறகு ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தது. சோதனைக்கு ஆளாகும் மனிதனுக்கே ஆங்கிலத்தில் அதன் பெயரைச் சூட்டிவிட்டார்கள். தமிழில் அந்தப் பெருமை எலிக்குப் போயிற்று.

இப்போது அது கேரளத்துச் செல்லப்பிராணிக் கடைகளில் முயல்குட்டிக்கு அடுத்த கூண்டில் உட்கார்ந்திருக்கிறது. நாயைப்போலக் குரைக்காது, கிளியைப்போலப் பறக்காது, கடிப்பதும் அபூர்வம். பாலக்காட்டுச் சமவெளியானாலும் இடுக்கி மலையானாலும், குழந்தையின் நச்சரிப்பு தாங்காமல் ஒரு ஜோடி வாங்கி வருகிறார்கள். கடைக்காரர் ஒரு பொட்டலம் முயல் தீவனத்தையும் கையில் கொடுத்து, “இதுவே போதும்” என்று அனுப்புகிறார். சில வாரங்களில் பிராணி மூலையில் ஒடுங்குகிறது. நடந்தால் கால் இழுக்கிறது. ஒரு நாள் காலையில் செத்துக் கிடக்கிறது. “சீதோஷ்ணம் ஒத்துக்கொள்ளவில்லை” என்று வீட்டார் முடிவு செய்கிறார்கள்.

பல நேரங்களில் குற்றவாளி சீதோஷ்ணம் அல்ல, அந்தப் பொட்டலம்தான்.

முயல் தன் உடம்புக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்ளும். ஆடு, மாடு, நாய், பூனை எல்லாம் அப்படித்தான். கினிப்பன்றிக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அதைத் தயாரிக்கத் தேவையான ஒரு நொதி அதன் உடம்பில் கிடையாது. நமக்கும் கிடையாது. குரங்குகளிலும் வௌவால்களிலும் பெரும்பாலானவை இதே கட்சிதான். அதனால் தினமும் சாப்பாட்டிலிருந்தே அது வந்தாக வேண்டும். உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளவும் வழியில்லை. இரண்டு மூன்று வாரம் கிடைக்காவிட்டால் ஸ்கர்வி தொடங்கிவிடும். மூட்டு வீங்கும், ஈறில் ரத்தம் கசியும், ரோமம் சிலிர்த்துச் சொரசொரப்பாகும், தொட்டால் வலியில் கத்தும். முயலுக்கான தீவனத்தில் வைட்டமின் சி சேர்க்க வேண்டிய அவசியம் தயாரிப்பாளருக்கு இல்லை. தவறு தீவனத்தில் இல்லை. அது வேறு பிராணிக்கானது.

இந்தக் குறைபாடுதான் கினிப்பன்றியைச் சரித்திரத்தில் சேர்த்தது. 1907-இல் நார்வேயில் ஆக்ஸல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்ற இருவர், கப்பல் மாலுமிகளைத் தாக்கிய பெரிபெரி நோயைப் பிராணிகளில் உண்டாக்கிப் பார்க்க முயன்றார்கள். கினிப்பன்றிக்குத் தானியம் மட்டுமே போட்டார்கள். வந்தது பெரிபெரி அல்ல, ஸ்கர்வி. பச்சைக் காய்கறி கொடுத்ததும் தேறியது. மனிதனைத் தவிர வேறு பிராணிக்கும் ஸ்கர்வி வரும் என்று உலகம் அறிந்தது அப்போதுதான். 1932-இல் ஹங்கேரியில் ஆல்பர்ட் செண்ட் ஜியார்ஜியின் ஆய்வுக்கூடத்தில், தாம் பிரித்தெடுத்த பொருள் வைட்டமின் சி-தான் என்று உறுதிப்படுத்த உதவியதும் கினிப்பன்றிகளே. பிறகு அவர் அந்த ஊர் மிளகாயிலிருந்து அதை ஏராளமாக எடுத்தார். 1937-இல் நோபல் பரிசு வந்தது.

இந்தக் கதையில் நமக்கும் பங்கு உண்டு. பாலக்காட்டிலிருந்து ஒரு நாள் பயணத்தில் போய்வரக்கூடிய குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஒற்றை அறையில் 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் ஊட்டச்சத்து ஆய்வைத் தொடங்கினார். கினிப்பன்றிகளுக்கு ஸ்கர்வி வரும்போது உள்ளுறுப்புகள் என்ன ஆகின்றன என்று அவரும் ஆராய்ந்தார். அந்த அறைதான் வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. நம் கீரையிலும் காயிலும் என்ன சத்து எவ்வளவு என்று கணக்குப் போட்டு 1937-இல் முதல் அட்டவணை வெளிவந்ததும் குன்னூரிலிருந்துதான்.

அந்த அட்டவணையின் பிந்தைய பதிப்புகளைப் பார்த்தால் கினிப்பன்றிக்கு வெளிநாட்டு மருந்து எதுவும் தேவையில்லை என்று தெரியும். 100 கிராமில் உள்ள வைட்டமின் சி, முருங்கைக்கீரையில் 220 மில்லிகிராம், கொய்யாவில் 212, கொத்தமல்லித் தழையில் 135. நவீன முறையில் அளந்தபோது சில எண்கள் கணிசமாகக் குறைந்திருக்கின்றன. ஆகவே ஒரே கீரையை நம்பாமல் இரண்டு மூன்றைக் கலந்து கொடுப்பது நல்லது. முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோவுக்குச் சற்று மேல் வரை எடையுள்ள பிராணிக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 10 முதல் 30 மில்லிகிராம். ஒரு பிடி கொத்தமல்லித் தழையும் செண்ட் ஜியார்ஜிக்குக் கை கொடுத்த மிளகாயின் காரமில்லாத உறவான குடைமிளகாயில் ஒரு துண்டும் இருந்தால் கணக்குச் சரியாகிவிடும். குடிக்கும் தண்ணீரில் வைட்டமின் சொட்டு மருந்து கலப்பது வீண். சில மணி நேரத்தில் சத்து சிதைந்துபோகும், ருசி மாறிய தண்ணீரைப் பிராணி குடிக்காமலும் இருந்துவிடும். கினிப்பன்றிக்கென்றே செய்த தீவனமானாலும், அரைத்து 90 நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பது பொதுவிதி. கடை அலமாரியில் எத்தனை நாள் தூங்கியது என்று யாருக்குத் தெரியும்?

ஆக, தழை வேண்டும். அதுவும் தினமும் வேண்டும். சரி, சந்தையில் ஒரு கட்டு வாங்கிப் போட்டால் ஆயிற்று என்று தோன்றும். இந்த எல்லைப் பகுதியில் பிரச்னை தொடங்குவதே அங்கேதான்.

கேரளத்தின் காய்கறிக் கூடைக்கு வாசல்கள் வாளையாரும், கோபாலபுரமும், குமுளியும், போடிமெட்டும். ஒட்டன்சத்திரத்திலும் கம்பத்திலும் ஏற்றிய மூட்டைகள் இரவோடு இரவாக இந்த வழியாகத்தான் மலையேறுகின்றன. 2015-இல் அந்த மூட்டைகளே அரசியலாயின. தமிழ்நாட்டிலிருந்து வரும் காய்கறிகளில் பூச்சிமருந்து அதிகம் என்று கேரள உணவுப் பாதுகாப்புத் துறை சொன்னது. தமிழகம் மறுத்தது; விவசாயிகள் கொதித்தார்கள். யார் சொன்னது சரி என்று தீர்ப்பெழுத இங்கே இடமில்லை. ஆனால் வெள்ளாயணி வேளாண்மைக் கல்லூரி ஆய்வகம் 2013 முதல் வெளியிட்ட அறிக்கைகளில் எச்சம் அதிகம் இருந்ததாகப் பலமுறை இடம்பிடித்த பெயர்களைக் கவனிக்க வேண்டும். கறிவேப்பிலை, புதினா, கொத்தமல்லி. நாம் கினிப்பன்றிக்குக் கொடுக்க நினைப்பவையும் இந்த வகைத் தழைகள்தான்.

மலைக்கு இந்தப் பக்கம் மட்டும் புனிதம் என்றும் நினைக்க வேண்டாம். இடுக்கியின் ஏலத்தோட்டங்களில் மருந்தடிப்பு எத்தனை கடுமை என்பது அங்கே வேலை செய்யும் தமிழ்த் தொழிலாளிகளுக்குத் தெரியும். எண்டோசல்ஃபானை உச்ச நீதிமன்றம் 2011-இல் நிறுத்தியது. கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியின் விற்பனைக்குக் கேரள அரசு 2019-இல் தடை போட்டது. ஒரு மருந்து போனால் இன்னொன்று வருகிறது. ஏலச்செடி நிழலில் தளதளவென்று நிற்கும் புல்லை அறுத்துவந்து போடுவது தரகரை நம்பிக் குதிரை வாங்குவது மாதிரிதான்.

இதிலுள்ள ஆபத்தை ஒரு சின்னக் கணக்கு சொல்லும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ரசத்தில் 5 கிராம் கொத்தமல்லி சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 800 கிராம் எடையுள்ள கினிப்பன்றி 20 கிராம் சாப்பிடுகிறது. கிலோ எடைக்கு இவ்வளவு என்று பார்த்தால் பிராணி உட்கொள்வது மனிதனைப்போல 300 மடங்கு. தழையில் எச்சம் இருந்தால் அதுவும் அதே 300 மடங்கு. இன்னொரு விஷயம்: கினிப்பன்றியால் வாந்தியெடுக்க முடியாது. நாய் ஒவ்வாததைக் கக்கிவிட்டுப் படுத்துக்கொள்ளும். இதற்கு உள்ளே போனது உள்ளேதான்.

கழுவினால் போகாதா? கொஞ்சம் போகும். வேரை நறுக்கிவிட்டு, புளிக்கரைசலிலோ வினிகர் கலந்த நீரிலோ ஊறவைத்து, நல்ல தண்ணீரில் பலமுறை அலசச் சொல்கிறார்கள் வேளாண் பல்கலைக்கழகத்தார். மேலே ஒட்டியிருக்கும் மருந்து இதில் குறையும். செடி உறிஞ்சிக்கொண்ட மருந்து எந்தத் தண்ணீருக்கும் அசையாது. ஆகவே நேர்வழி ஒன்றுதான்: வீட்டிலேயே வளர்ப்பது. நிலம் வேண்டாம். ஐந்தாறு தொட்டிகளோ குரோபேக்குகளோ போதும்.

முதலில் புல். கினிப்பன்றியின் பல் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். நார் மிகுந்த புல்லை மென்று மென்று தேய்த்தால்தான் வாய் வாயாக இருக்கும். அதன் சாப்பாட்டில் முக்கால் பங்கு புல்லாகவோ உலர்புல்லாகவோ இருக்க வேண்டும். மூலிகையும் கீரையும் அதன்மேல் தூவும் தாளிதம்தான். வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்லும் திமோத்தி புல் இங்கே விலை அதிகம். அதைத் தேடி அலைய வேண்டாம். கேரளத்துப் பால்காரர்களுக்கு நன்கு தெரிந்த கினிப்புல் இருக்கிறது. பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான். அது நிஜமாகவே ஆப்பிரிக்கப் புல். மாடு வளர்க்கும் வீட்டில் நாலு தூர் கேட்டு வாங்கி நட்டால் போதும். கேரள கால்நடை வளர்ச்சி வாரியம் மூணாறை அடுத்த மாட்டுப்பட்டியிலும் பாலக்காடு தோணியிலும் பண்ணை நடத்துகிறது. தீவனப்புல் விவரத்துக்கு அங்கே விசாரிக்கலாம். அருகம்புல்லும் அருமையான தீவனம். மாடிவீட்டுக்காரர்கள் கோதுமையை ஓர் இரவு ஊறவைத்துத் தட்டில் பரப்பினால், ஒரு வாரம் பத்து நாளில் பச்சைப் புல் அறுக்கலாம்.

அடுத்தது கொத்தமல்லி. விதையை இரண்டாக உடைத்து, ஊறவைத்து விதைக்க வேண்டும். முப்பது நாற்பது நாளில் தழை தயார். பத்து நாளுக்கு ஒரு தொட்டி என்று முறைவைத்து விதைத்தால் வருஷம் முழுக்கத் தட்டில்லை. வட்டவடை, காந்தளூர், மறையூர்ப் பக்கத்துக் குளிரில் அது கேட்காமலே வரும். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மார்ச் வெயிலில் தழை விடாமல் பூவுக்குப் போய்விடும். அங்கே காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்து, கோடையில் கொத்தமல்லிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு வேறு தழைக்கு மாறலாம்.

புதினாவுக்கு வேரோடு ஒரு தண்டு போதும். ஈரம் காயாமல் இருந்தால் தொட்டியை நிரப்பிவிடும். வாசனை காட்டமானதால் அளவாகக் கொடுக்க வேண்டும். திருநீற்றுப்பச்சிலை நல்லது, வெயிலைத் தாங்கும். வெந்தயக்கீரை மூன்று வாரத்தில் கைக்கு வரும். செம்பருத்தி இலையும் பூவும் விரும்பித் தின்னும். இஞ்சிப்புல் என்று கேரளத்தில் சொல்லும் எலுமிச்சைப்புல்லை மறக்கக் கூடாது. மறையூர் மலைகளில் முதுவர்கள் தைலம் காய்ச்சுவது இதில்தான். ஒரு தூர் நட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்கும், பூச்சி அண்டாது, கினிப்பன்றி கரும்பு மாதிரி கடிக்கும். தாள் ஓரம் கூர்மை, நறுக்கிப் போடுங்கள்.

மண்ணிலும் கவனம் வேண்டும். நர்சரியில் வாங்கிய செடியை அன்றைக்கே கூண்டில் போடக் கூடாது. அங்கே மண்ணில் குருணை மருந்து தூவியிருக்கலாம். வேறு மண்ணுக்கு மாற்றி, பழைய தழையை வெட்டி எறிந்துவிட்டு, சில வாரம் கழித்து வரும் புதுத் தளிரைக் கொடுங்கள். எருவாக நன்றாக மக்கியதைப் போடுங்கள், பச்சைச் சாணம் வேண்டாம். கினிப்பன்றியின் புழுக்கையே மக்கினால் நல்ல உரம்.

எது ஆகாது? இந்தப் பட்டியலைக் குழந்தைகளுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். தெருவில் பறித்துவந்து கொடுப்பவர்கள் அவர்கள்தான். பாலக்காட்டுப் பக்கம் எருக்கு, அரளி, ஊமத்தை, ஆமணக்கு, பார்த்தீனியம். மரவள்ளி இலையில் சயனைடு உண்டு. வாடிய இளஞ்சோளப் பயிரை மேய்ந்து மாடு சாகும் கதை கொங்கு விவசாயிகளுக்குத் தெரியும். அதே விஷம்தான் இதுவும். மலையில் உண்ணிச்செடி, பெரணி, செங்காந்தள், உருளைக்கிழங்கு இலை. இடுக்கியில் இப்போது வீட்டுக்கு வீடு பேசப்படும் வெண்ணெய்ப்பழம் நமக்கு விருந்து. அதன் இலையும் பழமும் கினிப்பன்றிக்கு நஞ்சு. காந்தளூர், வட்டவடைப் பூண்டு 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரியது. ஆனால் பூண்டு, வெங்காயம் இரண்டும் அவற்றின் தாளும் கூண்டுக்குள் போகக் கூடாது. சேம்பு இலை தொண்டையை அரிக்கும். பெயர் தெரியாத இலை எதுவும் வேண்டாம் என்பதே நல்ல சட்டம்.

நல்ல கீரையிலும் ஒரு சிக்கல் உண்டு. கினிப்பன்றியின் உடம்பு சுண்ணாம்புச் சத்தைத் தேவைக்கு மேலேயே உறிஞ்சி, மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளும். அளவு மீறினால் சிறுநீர் சுண்ணாம்புக் கரைசல் மாதிரி வெளுக்கும், நாளடைவில் கல்லாகும். பழைய அட்டவணைப்படி 100 கிராமுக்கு அகத்தியில் 1130 மில்லிகிராம், முருங்கைக்கீரையில் 440, கொத்தமல்லியில் 184. மனிதருக்கு எலும்பு வலுவூட்டும் அகத்தி இதற்கு ஆகாது. முருங்கை வாரம் ஒருநாள், நாலைந்து ஈர்க்கு போதும். பசலையும் தண்டுக்கீரையும் ஆக்ஸலேட் நிறைந்தவை; அவையும் எப்போதாவதுதான். தினசரிப் பந்தியில் உட்காரத் தகுதியுள்ளவை புல்லும் கொத்தமல்லியும் குடைமிளகாய்த் துண்டும்தான்.

கொடுக்கும் முறை எளிது. புதுத் தழை எதுவானாலும் முதல் நாள் ஓர் இலை. புழுக்கை கெட்டியாக இருந்தால் மறுநாள் கூட்டலாம். இளகினால் நிறுத்திப் புல் மட்டும் போடுங்கள். பறித்தவுடன் கொடுங்கள். குவித்து வைத்துச் சூடேறிய பச்சைப்புல் வயிற்றை ஊதவைக்கும். தின்னாத மிச்சத்தைச் சாயங்காலமே எடுத்துவிட வேண்டும். பாலக்காட்டுக் கோடையில் தகரக் கூரைக்குக் கீழே கூண்டை வைக்காதீர்கள். ஆண்டீஸ் குளிரில் பிறந்த வம்சம் அது; 30 டிகிரிக்கு மேலே போனால் துவண்டுவிடும். மூணாறில் நேர்மாறாக, பனி இறங்கும் இரவுகளில் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால் காத்திருக்கக் கூடாது, குடல் நின்றுபோகும். அலமாரியில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலினைக் கரைத்துக் கொடுக்கும் கைவைத்தியம் மிக ஆபத்து. பென்சிலின் வகை மருந்துகள் அதன் குடலிலுள்ள நல்ல கிருமிகளை அழித்து ஆளையே கொன்றுவிடும். பாலக்காட்டுக்காரர்களுக்கு மண்ணுத்தி கால்நடைக் கல்லூரி பக்கம். மறையூரிலிருந்து இறங்கினால் உடுமலைப்பேட்டையிலும், குமுளி, போடிமெட்டிலிருந்து இறங்கினால் தேனியிலும் 2020-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

ஒரு சாதாரணக் கூண்டுப் பிராணிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மாலுமிகளின் ஈறு ஏன் அழுகியது என்பதை நமக்குச் சொல்லிக்கொடுத்தது இந்தப் பிராணிதான். நம் உடம்பில் இல்லாத அதே நொதி அதன் உடம்பிலும் இல்லை. நாம் வாங்கும் அதே சந்தைக் கட்டைத்தான் அதுவும் தின்கிறது, எடைக்கு 300 மடங்கு கூடுதலாக. அதற்குக் கொடுக்கத் தயங்கும் தழையை நம் குழந்தையின் தட்டில் மட்டும் எந்தத் தைரியத்தில் போடுகிறோம்? கினிப்பன்றிக்காக ஒரு தொட்டி கொத்தமல்லி விதைக்கிறவர்கள், பக்கத்திலேயே ரசத்துக்கும் ஒரு தொட்டி விதைத்துவிடுவது உத்தமம்.